இருபத்தோராவது வாக்கியம்

“இருபது வாக்கியம் எழுதிக் குடுத்தீங்களே சார், வெளங்கலைன்னு சொல்றதுக்கு ஒரே ஒரு வாக்கியம் ஏனுங்க சார் குடுக்காம உட்டுப்போட்டீங்க?”

ஏழரை ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதக் காலையில், சிங்காநல்லூரில் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. காக்கிச் சட்டை போட்டிருந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. காப்பி சாப்பிடுங்கள் என்றேன். வேண்டாம் என்றார். பதில் வேண்டும் என்பதற்காக மட்டுமே வந்தவர்போல நின்றார். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அந்தத் தாளைக் கை நீட்டி வாங்கினேன்.

கேள்வி கேட்டவர்தான் நம் சென்னிமலை அவர்கள்.

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் சுற்றுலா வாகன ஓட்டுநர் நலச் சங்கத்தின் தலைவர் கதிரேசன் அவர்களே! முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் சென்னிமலை அவர்களின் துணைவியார் தெய்வாத்தாள் அம்மா அவர்களே! ரயில் நிலைய ஸ்டாண்டிலும் விமான நிலையத்திலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் நண்பர்களே! ஓட்டல் வரவேற்பு மேசையிலிருந்தும் டிராவல்ஸ் அலுவலகத்திலிருந்தும் அரைநாள் அனுமதி வாங்கி வந்திருக்கும் சகோதரிகளே, சகோதரர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் சென்னிமலை அவர்களை ஆசான் என்றார்கள். பத்தாம் வகுப்பு தாண்டாத ஒரு டிரைவர், அறுநூறு பேருக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தார் என்றார்கள். உண்மைதான். இந்த மாடி அறையில், இதே கரும்பலகைக்கு முன்னால், ஞாயிறு தவறாமல் ஏழு ஆண்டுகள் நின்றார். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தார்கள், மதுக்கரையிலிருந்து வந்தார்கள், சத்தியமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். வெள்ளைக்காரரைக் கண்டால் டிக்கியைத் திறப்பதுபோல் குனிந்துகொண்டு முகத்தை மறைத்தவர்கள், ஆறு மாதத்தில் அவர்களோடு கூசாமல் பேசினார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் நான் நிற்கிறேன். அவர் ஏன் இந்த வகுப்பைத் தொடங்கினார்? காசு வாங்காமல், விடுமுறை விடாமல், காய்ச்சலோடுகூட வந்து நின்றாரே, ஏன்? ஏழு ஆண்டுகளாக அவர் உங்களில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். வீட்டில் சொன்னார். இன்று இதைச் சபையில் சொல்லலாமா என்று தெய்வாத்தாள் அம்மாவிடம் கேட்டேன். “சொல்லுங்க சார். எத்தன நாளைக்கு நான் ஒருத்தியே வெச்சுக்கிட்டு இருக்கட்டும்?” என்றார்கள். ஆகவே சொல்கிறேன்.

1990-ஆம் ஆண்டு கோடையில், நான் ஓய்வுபெற்ற மறு வருடம், டூரிஸ்ட் கார் ஓட்டுபவர்களுக்காகப் பத்து நாள் ஆங்கிலப் பயிற்சி ஒன்றை நடத்தினேன். சீசன் தொடங்குவதற்கு முன் நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் நல்லது என்று சிலர் கேட்டார்கள். இருபது வாக்கியங்களை ஒரு தாளில் தட்டச்சு செய்து, நகலெடுத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். “குட் மார்னிங் சார், வெல்கம் டு கோயம்புத்தூர்” என்று தொடங்கும். “எஸ் சார்”, “நோ ப்ராப்ளம் மேடம்”, “வித் ப்ளெஷர்” என்று போகும். எல்லாம் இனிப்பான வாக்கியங்கள். கொடுத்ததோடு நிற்கவில்லை. ஒரு அறிவுரையும் சொன்னேன்: “விருந்தாளி சொல்வது புரியாவிட்டால் முகத்தில் காட்டாதீர்கள். சிரித்த முகத்தோடு எஸ் சார் என்று சொல்லுங்கள். அவர் மனம் குளிர்ந்துவிடும்.”

அந்தப் பத்து நாளும் கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்தவர் சென்னிமலை.

நண்பர்களே, நம் ஊர்க்காரர்களுக்கு இந்த அறிவுரையைச் சொல்லித் தரவே வேண்டியதில்லை! நாம் பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடுகிறவர்கள். ஒருவர் சொல்வதை மறுத்துப் பேசுவது நமக்கு நாக்கில் வராது. ஒரு உதாரணம் சொல்கிறேன். கல்யாண வீட்டில் காது மந்தமான பெரியவர் ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். நாதஸ்வரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என்ன செய்கிறீர்கள்? “ஆகட்டுங்க, ஆகட்டுங்க” என்று தலையை ஆட்டிவிட்டுப் பந்திக்குப் போகிறீர்கள். அதற்குப் பெயர் மரியாதை. அந்த மரியாதைக்குத்தான் நான் ஆங்கிலச் சட்டை தைத்துக் கொடுத்தேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு சென்னிமலை வண்டி ஓட்டினார்.

மறு வருடம் ஏப்ரல் மாதம். விமான நிலையத்தில் ஒரு ஆங்கிலேயத் தம்பதியை ஏற்றினார். இருவரும் எழுபதைத் தொட்டவர்கள். ஊட்டிக்குப் பயணம். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு தாண்டி, வண்டி மலை ஏறத் தொடங்கியது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பின்னால் இருந்த அம்மையார் ஏதோ சொன்னார். சென்னிமலை கண்ணாடியில் பார்த்தார். கணவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தார். “எஸ் மேடம்” என்றார். அம்மையார் மறுபடியும் சொன்னார். “நோ ப்ராப்ளம் மேடம்” என்றார். சிரித்த முகத்தோடு சொன்னார். நான் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார்.

இந்த இடத்தை அவர் என்னிடம் சொன்னபோது, குரல் ஒரு சீராக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “அந்தம்மா கத்தலீங்க சார். கத்தியிருந்தா நானே நிறுத்தியிருப்பனுங்க. மெதுவா, மருவாதியாத்தான் சொன்னாங்க. நானும் மருவாதியாத்தான் சொன்னேன். ரெண்டு பேரும் மருவாதியாப் பேசிட்டே மேல போனோமுங்க.”

அன்று லாரிகள் வழியை அடைத்திருந்தன. குன்னூர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அங்கே போகச் சொன்னது அம்மையார் இல்லை. குன்னூருக்கு வெளியே டீ குடிக்க வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தபோதுதான் சென்னிமலை அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் மருத்துவமனைக்கு விரட்டினார். அதற்குள் முடிந்திருந்தது.

அம்மையார் கேட்டது இதுதான் என்று, அவர்கள் தங்கவிருந்த ஓட்டலின் மேலாளர் பிறகு அம்மையாரிடம் பேசித் தமிழில் எடுத்துச் சொன்னார்: ‘என் கணவருக்கு நெஞ்சு வலிக்கிறது. வண்டியைத் திருப்புங்கள். கீழே நாம் கடந்து வந்த ஊருக்கே போய்விடுவோம்.’ திருப்பியிருந்தால் மேட்டுப்பாளையம் கால் மணி நேரம். திருப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. யாரால் சொல்ல முடியும்? அந்தப் பதில் கிடைக்காததுதான் சென்னிமலை அவர்களுக்குக் கிடைத்த தண்டனை.

இன்னும் ஒன்று நடந்தது. மருத்துவமனை நடையில் அந்த அம்மையார் சென்னிமலை அருகே வந்து, அவர் கையைத் தொட்டு, கண்ணைப் பார்த்து, ஏதோ நாலைந்து சொல் சொல்லியிருக்கிறார். திட்டினாரா? மன்னித்தாரா? ஊருக்குத் தகவல் சொல்ல வழி கேட்டாரா? அவருக்குத் தெரியவில்லை.

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

“அதுக்கும் எஸ் மேடம்னு சொல்லிப்போட்டேனுங்க சார்” என்றார்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் கழித்துத்தான் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் இருந்தது நான் கொடுத்த தாள். ஒன்பது மாதமும் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். மடிப்புகள் நைந்து போயிருந்தன. என்னை அடிக்க வரவில்லை. திட்ட வரவில்லை. அந்த இருபத்தோராவது வாக்கியத்தைக் கேட்டுத்தான் வந்தார். நான் பேனாவை எடுத்து, அந்தத் தாளின் அடியில், தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன்: “சாரி சார், ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ் சே இட் அகைன்.” வாசலிலேயே நின்று பத்துத் தடவை வாய்விட்டுச் சொன்னார். பிறகு கேட்டார்: “இத எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தர்லாங்களா சார்?”

வகுப்பு அப்படித்தான் பிறந்தது. கடைசி வரைக்கும் அவர் அந்தத் தாள் யாருடையது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. “எங்கியோ ஒரு தாள்ல படிச்சனுங்க” என்பார். நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கௌரவ ஆலோசகர் என்று எனக்கு ஒரு பட்டம் வேறு! இன்று நான் சொல்கிறேன். அந்தத் தாள் என்னுடையது. அந்த அறிவுரை என்னுடையது. அதன் பாரத்தைச் சுமந்தவர் மட்டும் சென்னிமலை.

அவர் வகுப்பு நடத்திய விதம் உங்களுக்குத் தெரியும். மற்ற இடங்களில் ஆங்கில வகுப்பு என்றால் வணக்கத்தில் தொடங்கும். இவர் வகுப்பு ‘புரியவில்லை’யில் தொடங்கும். புதிதாக வந்த எட்டுப் பேரைத் தன் வேனில் ஏற்றுவார். ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் விருந்தாளியாகப் பின்னால் உட்காருவார். வாய் நிறைய வறுத்த கடலையைப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார். அதை அந்த இங்கிலாந்து ராணி வந்தாலும் புரிந்துகொள்ள முடியாது! வண்டியை ஓரங்கட்டி, திரும்பி முகத்தைப் பார்த்து, “ப்ளீஸ் சே இட் அகைன்” என்று கேட்டால் தேர்ச்சி. “எஸ் சார்” என்றால், “எறங்கு கண்ணு. அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் நடந்து வா. என்ன சொன்னேன்னு யோசிச்சுட்டே வா” என்பார். அவினாசி ரோட்டில் அப்படி நடந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். நம் தலைவர் கதிரேசன் அவர்களே பீளமேட்டிலிருந்து லட்சுமி மில்ஸ் வரைக்கும் நடந்தவர்தான்.

கேட்டால் மட்டும் போதாது, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பார். விருந்தாளி ஆறு மணி என்றால், “சிக்ஸ் ஓ க்ளாக் மார்னிங், ரைட் சார்?” என்று அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் தலையசைத்த பிறகுதான் அது உங்களுடையது.

இந்தப் பாடம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். அதோ மூன்றாவது வரிசையில் இருக்கும் அன்புக்கரசி, ஒரு டிராவல்ஸில் டெலிபோன் எடுக்கும் பெண். இரண்டு வருடத்துக்கு முன் டெல்லியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, ஊட்டிக்கு ஒரு கார் வேண்டும் என்று அவசரமாக ஏதேதோ சொன்னார். அன்புக்கரசி மூன்று தடவை திரும்பக் கேட்டார். பக்கத்தில் இருந்த மேனேஜருக்குக் கோபம்.

“ஏம்மணி, எத்தன தடவ கேப்பே? அவன் போனை வெச்சுட்டு வேற கம்பெனிக்குப் போயிருவான்!”

“போனை வெச்சா மறுபடி கூப்புடுவாங்க சார். வண்டி தப்பாப் போனா பாதி மலையில நின்னுட்டு யாரக் கூப்புடறதுங்க?”

நாலாவது தடவையில்தான் விளங்கியது. அவருடைய தாயாருக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, உட்கார முடியாது, படுத்துக்கொண்டே வர வேண்டும். கார் போயிருந்தால் அந்தத் தாயின் கதி என்ன? சீட்டைக் கழற்றிய வேன் போயிற்று. அந்த வாரம் அன்புக்கரசி வகுப்புக்கு வந்து இதைச் சொன்னபோது, சென்னிமலை அவர்கள் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இன்னொன்றையும் கேளுங்கள். நம் சங்கத்து வண்டிகள் எல்லாம் கல்லாறு தாண்டியதும் இரண்டாவது வளைவுக்கு மேலே, ஓரம் கட்ட இடம் இருக்கும் திருப்பத்தில், ஒரு நிமிடம் நிற்கும். டிரைவர் இன்ஜினை நிறுத்தி, திரும்பிப் பார்த்து, “எவ்ரிதிங் ஆல்ரைட், சார்? மேடம்?” என்று கேட்பார். புதிதாக வந்தவர்கள், இன்ஜின் சூடு ஆறுவதற்காக நிறுத்துகிறோம் என்று நினைக்கிறீர்கள். இன்ஜினுக்கு அங்கே அவ்வளவு சூடு ஏறாது, நண்பர்களே. சென்னிமலை எட்டு வருடமாக அங்கே நின்றார். அவரைப் பார்த்து அவரிடம் படித்தவர்கள் நின்றார்கள். அவர்களைப் பார்த்து நீங்கள் நிற்கிறீர்கள். பெயர்கூடத் தெரியாத ஒரு மனிதருக்காக இத்தனை வண்டிகள் நாள்தோறும் அந்த இடத்தில் நிற்கின்றன. அந்த மனிதரிடம் கேட்க வேண்டிய கேள்வியை நாம் வேறு ஆட்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

போன வியாழக்கிழமை நான் நம் சங்கத்து வேலனுடைய டாக்சியில் வந்தேன். பயிற்சிக்காக சென்னிமலை பேசிப் பதிவு செய்த கேசட் ஓடிக்கொண்டிருந்தது. நீங்களும் வைத்திருப்பீர்கள். அதில் அவர்தான் விருந்தாளி. ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பார். பிறகு நாம் பதில் சொல்வதற்காக இடம் விட்டிருப்பார். அன்று வேலன் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த இடைவெளியில் அவர் மூச்சு விடுவது கேட்டது. எங்கோ ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தது. இறந்த ஒரு மனிதர் கேள்வி கேட்டுவிட்டு நமக்காகக் காத்திருக்கிறார்! வேலன் கை நீட்டினார், நிறுத்துவதற்கு. பிறகு மனம் வராமல் கையை எடுத்துக்கொண்டார்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கேசட் இல்லை.

சென்னிமலை அவர்கள் அவினாசியில் தன் வீட்டு முன்னால் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் போயிற்று. பேச்சும் குழறிப்போயிற்று. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். ஏழாம் நாள் மதியம் நான் போனேன். என்னைப் பார்த்ததும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஏதோ சொன்னார். நாலைந்து சொல் இருக்கும். எனக்குப் புரியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

தலையை ஆட்டினேன். “ஆகட்டும் சென்னிமலை, ஆகட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன்.

அவர் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை நெற்றி நரம்பு புடைக்கச் சொன்னார். நோயாளியைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். புரியவில்லை என்றால் மனம் நோகும் என்று நினைத்தேன். இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினேன். சிரித்த முகத்தோடு ஆட்டினேன். மூன்றாவது தடவை அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வேனில் “எஸ் சார்” என்று சொன்னவர்களைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. என் மணிக்கட்டை விட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் என்ன சொன்னார்? வகுப்பைப் பற்றியா? குடும்பத்தைப் பற்றியா? வலிக்கிறது, நர்சைக் கூப்பிடு என்றாரா? எத்தனையோ தடவை அந்தக் குழறலை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அது தமிழா, ஆங்கிலமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சாமி கும்பிடும்போது கேட்கிறது. பல் துலக்கும்போது கேட்கிறது. இப்போது உங்கள் முன் நிற்கும்போதும் கேட்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “எனக்கு விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கலாம். அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவனே நான்தான்!

அவர் இறந்த மூன்றாம் நாள் கதிரேசன் அவர்கள் என் வீட்டுக்கு வந்து, ஞாயிறு வகுப்பை இனி நீங்கள்தான் நடத்த வேண்டும் என்றார். நான் வழக்கம்போல “ஆகட்டும்” என்றேன். உங்கள் கையில் இருக்கும் நோட்டீசில், நான் இன்று உறுதிமொழி ஏற்பேன் என்று அச்சாகியும் விட்டது. அச்சைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த வகுப்புக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. அதை, வகுத்தவரிடமே மீறியவன் நான். எந்த முகத்தோடு அந்தக் கரும்பலகை முன் நிற்பேன்?

முந்தாநாள் அவினாசிக்குப் போய், தெய்வாத்தாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் முழுவதும் கேட்டார்கள். பிறகு சொன்னார்கள்.

“எனக்கு மட்டும் வெளங்குச்சுங்களா சார்? இருபத்தெட்டு வருசம் கூட இருந்தவ. நானுந்தான் மண்டைய மண்டைய ஆட்டுனேன். சொந்தபந்தம் அத்தன பேரும் வந்து வந்து ஆட்டிட்டுப் போனாங்க. அந்த மனுசன் எங்க எல்லாத்தையும் பாத்துட்டே கெடந்தாருங்க.”

அன்புக்கரசி அங்கே இருந்தார். அம்மாவுக்குத் துணையாக நாலு நாள் லீவு போட்டு வந்திருந்தார். சுவரோரம் நின்றவர் மெல்லச் சொன்னார்: “நான் கேட்டனுங்க சார்.”

“என்ன கேட்டாய்?”

“எட்டாம் நாளு போயிருந்தேன். என்னமோ சொன்னாருங்க. வெளங்கல. கிளாசுல கேக்கறாப்பலயே கேட்டேன். ப்ளீஸ் சே இட் அகைன், சார்னு.”

“சொன்னாரா?”

“சொன்னாருங்க. மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாரு. அஞ்சு தடவ சொன்னாருங்க சார்.”

“என்ன அம்மணி சொன்னார்?”

“வெளங்கலீங்க சார்.” அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கடைசி வரைக்கும் எனக்கு வெளங்கவே இல்லீங்க. வெளங்கலைன்னு ஆறாவது தடவயும் சொன்னேன். சிரிச்சுப்போட்டாருங்க. வாய் ஒரு பக்கம் கோணிட்டுதான் இருந்துச்சு, ஆனா அது சிரிப்புத்தானுங்க. எங்கையத் தட்டிக் குடுத்தாரு. அப்புறம் தூங்கிட்டாரு.”

அவர் சொன்னது யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் ஒன்பது நாளில், அவரைச் சுற்றி நின்ற அத்தனை பேரில், ஒருவர் அவரோடு உண்மையாகப் பேசியிருக்கிறார். அது நான் இல்லை. முப்பத்து மூன்று ஆண்டு ஆசிரியனாக இருந்த எனக்கு அந்த இருபத்தாறு வயதுப் பெண்ணைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது.

ஆகவே, நோட்டீசில் அச்சான உறுதிமொழியை நான் ஏற்கப் போவதில்லை. இன்று மாலை இந்த மாடிப்படியிலேயே கதிரேசன் அவர்களிடம் சொல்லிவிட்டேன். வகுப்பை அன்புக்கரசி எடுக்கட்டும், நான் மாணவனாக வருகிறேன் என்றேன்.

“என்னுங்க சார், கடைசி நேரத்துல இப்புடிக் கவுத்தறீங்க? அறுபது டிரைவருங்க சார். அத்தனையும் எருமக்கடா. ஒரு பொம்பளப் புள்ள எப்புடி மேய்க்கும்?”

“அந்தப் பெண் ஒரு மேனேஜரையே சமாளித்தவள். எருமைக்கடா எம்மாத்திரம்?”

“நீங்க மாணவனா வர்றதுன்னா? வெளங்கலீங்க சார். மறுபடி சொல்லுங்க.”

நான் மறுபடி சொன்னேன். அவர் யோசித்தார். “ஆகட்டுங்க” என்றார். நான் விடவில்லை. படியை மறித்துக்கொண்டு நின்றேன். “என்ன ஆகட்டும்? திருப்பிச் சொல்லுங்கள்” என்றேன்.

கதிரேசன் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: “வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு அன்புக்கரசி கிளாஸ் எடுக்குது. நீங்க மொத வரிசையில உக்காந்து படிக்கறீங்க. ரைட், சார்?”

ரைட் என்றேன்.

சென்னிமலை அவர்களே! நீங்கள் என் வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு அன்று ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எழுதத் தெரிந்த எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. இந்த வகுப்பு நிற்காது. மலை ஏறும் நம் வண்டிகளில் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் சொல் முன்னால் இருப்பவருக்குப் போய்ச் சேரும் வரை நிற்காது. இதை எல்லோர் சார்பிலும் உறுதியாகச் சொல்கிறேன். என் சார்பில் சொல்ல எனக்குத் தகுதி வந்த பிறகு, தனியாக ஒரு நாள் சொல்கிறேன்.

நண்பர்களே, எழுந்து நின்று மௌனம் காக்கப் போகிறோம். அது முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் பேச்சு தெளிவில்லாத ஒருவர் இருப்பார். வயதானவராக இருக்கலாம், நோயாளியாக இருக்கலாம், கோபத்தில் முணுமுணுக்கும் மனைவியாகவோ மகனாகவோ இருக்கலாம். அவர் எதிரே போய் உட்காருங்கள். அவர் சொல்வது புரியாதபோது தலையை ஆட்டாதீர்கள். “எனக்கு விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்” என்று கேளுங்கள்.